மகராசன் கத்தியும் மூன்றாம் தெருக் கண்ணீரும்

சித்திரை விசு கழிந்த நாலாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஆசீர்வாத நகர் மூன்றாம் தெருவில், ஆவுடையம்மாள் மகராசன் செய்துகொடுத்த புதுக் கத்தியால் பல்லாரி அரிந்துகொண்டிருந்தபோது அவள் கண் கொஞ்சம்கூட எரியவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், அவளோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தி பிச்சம்மாள், தன் பாட்டுக்குச் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக அழ ஆரம்பித்தாள். ஆவுடையம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள், பிச்சம்மாளுக்குக் கண்ணீர் நின்றது. எடுத்தாள், மறுபடி வந்தது. பெரிய வெங்காயத்துக்கு அந்த ஊரில் பல்லாரி என்று பேர். சாம்பாருக்கு ரெண்டு போதும் என்று உட்கார்ந்த ஆவுடையம்மாள் அன்றைக்குச் சுவருக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஒன்றரைக் கிலோ அரிந்து முடித்தாள்.

இது எப்படி நடக்கும் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. வராத குழாயில் திடீரென்று தண்ணீர் வந்தால்கூட எப்படி வந்தது என்று கேட்காமல், யார் திறந்துவிட்டது, யார் முதலில் பிடித்தது என்று கேட்கிற தெரு அது. பிச்சம்மாள் ஏன் அழுதாள் என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி, அதற்குப் பதிலும் ஆவுடையம்மாளிடம் தயாராக இருந்தது.

"மனசுல கள்ளம் இருக்கவ கண்ணுதான எரியும்? சாக்கடைக்குக் குறுக்க சுவரு எடுத்தது யாருன்னு கத்திக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியளா" என்றாள் அவள். அரிகிறவருக்கு எதிராக மனசில் கள்ளம் வைத்திருப்பவர் கண்தான் எரியும் என்பது மூன்றே நாளில் தெருவின் சட்டமாகிவிட்டது.

கத்தி செய்த மகராசனுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்குக் காந்தத்தையும் எடைக்கல்லையும் எடுத்துக் கொடுப்பதும், கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் அடுக்குவதுமாக இருந்த மனுஷனுக்கு, தன் கையால் ஒரு பொருளையாவது செய்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை எப்படியோ புகுந்துவிட்டது. போன வருஷம் ஆடி மாசத்தில் காய்ச்சலில் படுத்துக்கிடந்தபோது, பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் தாடிக்காரன் ஒருத்தன் இரும்பைக் காய்ச்சிச் சமையல் கத்தி செய்வதைப் போனில் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்து காய்ச்சல் விட்டபோது பட்டறை போடுவது என்று முடிவாகிவிட்டது.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்வாசலில் பாதியாக அறுத்த இரும்பு டிரம், அதில் அடுப்புக்கரி, காற்று ஊத, மனைவி வடிவின் தம்பி துபாயிலிருந்து அக்காளுக்குக் கொண்டுவந்து கொடுத்த முடி உலர்த்துகிற மிஷின். லாரி ஒர்க்‌ஷாப்பில் உடைந்து கிடந்த ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வாங்கிவந்து, கத்தி வடிவத்துக்கு அறுத்து, கரியில் போட்டு, அது காந்தத்தில் ஒட்டாமல் போகிற சூடு வரும்வரை பழுக்க வைத்தான். ஆய்வகத்துக் காந்தம் வாழ்நாளில் முதல்தடவையாக உருப்படியான வேலைக்கு உதவியது என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. முதல் கத்தியை ஆர்வக்கோளாறில் பச்சைத் தண்ணீரில் முக்கினான், டிக் என்று ஒரு சத்தம், நடுவே விரிசல். ரெண்டாவதை எண்ணெயில் முக்கினான், எண்ணெய் தீப்பிடித்து ஒரு பக்கத்துப் புருவம் போயிற்று. மூன்றாவது நேந்திரம்பழம் கணக்காக வளைந்துகொண்டது. நாலாவது நேராக வந்தது, ஆனால் அதைப் பதப்படுத்துகிறேன் என்று வடிவின் கேக் அடுப்பில் வைத்து எடுத்ததில், அப்புறம் ஒரு மாசத்துக்கு அந்த வீட்டுக் கேக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசனை அடித்தது. கூர் பார்ப்பதற்காக இடது கை முடியை மழித்து மழித்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் என்ன வேண்டுதல் என்று விசாரிக்கிற அளவுக்குப் போயிற்று.

வடிவின் முழுப்பேர் சண்முகவடிவு, தபாலாபீஸ் கவுண்டரில் வேலை. பிள்ளை இல்லாத வீடு, இருப்பது ரெண்டே பேர். அவன் கையை அறுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசாமல் கழுவி, துடைத்து, துணி சுற்றிவிடுவாள். சமையலுக்கு மட்டும் அவன் கத்தியைத் தொடமாட்டாள். "எனக்கு அருவாமனதான் சரி. நீங்க தெருவுக்குக் குடுங்க, பாத்து நாலு பேரு சந்தோஷப்படட்டும்" என்றாள்.

அப்படித்தான் விசு அன்றைக்கு ஏழு வீட்டுக்கு ஏழு கத்தி கொண்டுபோனான். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது என்று தெரு பிற்பாடு சொன்னது. உப்பு, மிளகாய், கத்தி இந்த மூன்றையும் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"கீழ வையிப்பா, நான் எடுத்துக்கிடுதேன். கையில குடுத்தா சண்ட வரும்" என்று ஆவுடையம்மாளே சொல்லிப் பார்த்தாள்.

"சித்தி, பிடி உங்க பக்கம், முனை எம் பக்கம். இப்படிக் குடுக்கதுதான் முறை, வீடியோவுல பாத்துருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். ஏழு வீட்டிலும் இதே கதைதான். மரியாதைக்காக எல்லோரும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் தெரு அரிய ஆரம்பித்தது. ரோஸ்லின் டீச்சர் கணவனை இழந்து எட்டு வருஷம் ஆனவள். அவள் அரிந்தால் தெருமுனையில் தையல்மிஷினில் உட்கார்ந்திருந்த அந்தோணிக்குக் கண்ணீர் கொட்டியது. டீச்சருடைய ஜாக்கெட் துணியில் கால் மீட்டர் அமுக்கிவிட்டான், அதுதான் எரிகிறது என்று தெரு கண்டுபிடித்து, ஒரே வாரத்தில் அவனிடம் துணி கொடுப்பதை நிறுத்தியது. அவன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தான். கோமதி அரிந்தபோது தொட்டிலில் கிடந்த அவளுடைய மூணு மாசப் பெண்குழந்தை, சத்தமில்லாமல், பெரிய மனுஷியைப்போலக் கண்ணீர் விட்டது. கைப்பிள்ளை யாருக்கு என்ன துரோகம் செய்திருக்க முடியும் என்று தெரு அரை நாள் தடுமாறியது உண்மைதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அது போன பிறவிப் பாக்கி என்று முடிவாகி, கோமதியின் மாமியார் அன்றிலிருந்து பேத்தியைத் தூக்கும்போது கொஞ்சம் தள்ளியே பிடித்தாள்.

ஒரே ஒரு வீட்டில்தான் அந்தக் கத்தி ஊர்க் கத்திபோல நடந்துகொண்டது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நல்லபெருமாள் தனியாக இருப்பவர், வாசலில் பூனை நின்றால்கூடக் கல்லெடுப்பவர், மகனும் மகளும் அவரைப் பார்க்க வந்து வருஷம் பலவாயிற்று. அவர் அரிந்தால் அவர் கண்தான் எரிந்தது, வேறு ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. துரோகமே அண்டாத மனுஷர் என்று தெரு அவரைக் கொண்டாடி, குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் ஆக்கியது. அவரும் சிவந்த கண்ணோடு மாலையை வாங்கிக்கொண்டார்.

காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை தெரு வேறு மாதிரி ஆயிற்று. அந்த நேரத்தில் சிலபேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார்கள், சிலபேர் மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள், சிலபேர் திடீரென்று பக்திமான்களாகி வெங்காயம் பூண்டு விட்டுவிட்டோம் என்றார்கள், அப்படி விட்டவர்கள்மேல்தான் எல்லோருக்கும் கூடுதல் சந்தேகம். பிச்சம்மாள் தினம் தினம் அழுது ஓய்ந்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு மகன் வீட்டுக்குப் போனாள். அவள் போனபிறகும் ஆவுடையம்மாள் விடவில்லை. காலையில் ஒரு தரம் அரிந்துவிட்டு, அழுதாளா இல்லையா என்று விசாரிக்கத் தூத்துக்குடிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஏழு பேரில் ஒருத்தராவது கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றால் இல்லை. இன்னும் கத்தி இல்லாத வீட்டுக்காரர்கள் மகராசன் வாசலில் வந்து நின்று, "எங்களுக்கும் ஒண்ணு அடிச்சுத் தாங்க அண்ணாச்சி, எங்களுக்கு மட்டும் விவரம் தெரியாண்டாமா?" என்று கேட்டார்கள். மகராசனும் அடித்துக் கொடுத்தான். தெருவுக்குக் கண் திறந்துவிட்டவன் என்கிற நினைப்பு அவனுக்கு இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வைகாசி பிறப்பதற்குள் தனக்கென்று ஒரு கத்தி செய்தான். அதுவரை செய்ததில் அதுதான் ஒழுங்கு. முதுகு நேராக, வாய் மெல்லிசாக, வைக்கோல் நிறத்தில் பதம் ஏறி, வேப்பம்பிடியில் பித்தளை ஆணி மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, இன்றைக்கு நான் குழம்பு வைக்கிறேன் என்று பல்லாரியோடு உட்கார்ந்தான். ஒன்றைப் பிளந்தான், கண் எரியவில்லை. சந்தோஷமாகத் தலையைத் தூக்கினால், கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த வடிவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்து அவள் லேசாகச் சிரித்தாள், புறங்கையால் துடைத்தாள், அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

மகராசன் அரிந்த பாதியைத் தட்டில் வைத்தான். வடிவா? எனக்கா? இருபத்திரண்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறவளா?

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்லுவாளோ என்று பயம், உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயம். அதனால் கேட்காமல், தெருவில் எல்லோரும் செய்வதையே செய்தான். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, அவள் தபாலாபீஸ் போனபிறகு அவனுக்கு வேறு வேலை இல்லை. ஒரு நோட்டை எடுத்து, தான் பல்லாரி அரிகிற நேரத்தைக் குறித்துக்கொண்டான். அப்புறம் அவளுடைய ஆபீஸில் வேலை பார்க்கிற ஜெயராணிக்குப் போன் செய்து, பேச்சோடு பேச்சாக, "இன்னைக்குப் பதினொண்ணரைக்கு மேடம் அழுதாவளா?" என்று கேட்டான். அழுதார்கள் என்று ஜெயராணி சொன்னாள். மறுநாள் பன்னிரண்டே காலுக்கு அரிந்தான், அதற்கும் அழுதிருந்தாள். ஒருநாள் வேண்டுமென்றே அரியவில்லை, அன்றைக்கு அவள் அழவும் இல்லை. இவ்வளவு துல்லியமாக அவன் ஆய்வகத்தில் ஒரு சோதனையும் செய்தது கிடையாது.

சோதனை முடிவுக்கு வந்ததே தவிர மனசு வரவில்லை. அவள் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்த்தான், பீரோவில் அவள் சேலை மடிப்புகளுக்குள் கைவிட்டுத் துழாவினான், கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்து அமையாமல் போன மாப்பிள்ளை இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று அவள் தம்பியிடமே துபாய்க்குக் கூப்பிட்டு விசாரித்தான். ஒருநாள் மத்தியானம் தபாலாபீஸுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஒளிந்து உட்கார்ந்து, அவள் யாரிடம் சிரிக்கிறாள் என்று பார்த்தான். அவள் எல்லோரிடமும்தான் சிரித்தாள். அதுவும் அவனுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

தெருவுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. கத்தி செய்தவன் வீட்டிலேயே கள்ளமா என்று நல்லபெருமாள் வாசலில் நின்று வருத்தப்பட்டார். "பாத்து நடந்துக்கிடும் வே, பொம்பள மனசு" என்று அவன் தோளில் தட்டிவிட்டும் போனார். மகராசனுக்கு அந்த மனுஷர் கையைத் தட்டிவிடத் தோன்றவில்லை; அதை நினைத்துப் பிற்பாடு அவன் வெட்கப்பட்டது உண்டு.

ஆனி முதல் சனிக்கிழமை வடிவு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள், முகம் கழுவினாள், நேரே பட்டறைக்குப் போய்க் கரிச்சாக்குக்குப் பின்னால், பட்டறைக் கணக்கு என்று அவள் அதுவரை திறந்து பார்க்காத நோட்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இது என்ன?"

மகராசன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஜெயராணி இன்னைக்குத்தான் சொன்னா. ஒரு மாசமா போன் பண்ணி, மேடம் அழுதாவளா, எத்தன மணிக்கு அழுதாவன்னு கேட்கியளாம். ஜூஸ் கடையில இருந்ததையும் பாத்துருக்கா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல."

"நீ எங்கிட்ட எதையோ மறைக்க வடிவு" என்றான் அவன். "சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

வடிவு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கோமதி பிள்ள அழுததப் பாத்தன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. மூணு மாசப் பிள்ளைக்கு என்ன கள்ளம் தெரியும்? தாயி கண்ணு எரியாண்டாம்னு அது வாங்கிக்கிடுது. பிச்சம்மா அத்தை பன்னெண்டு வருசமும் அந்தச் சுவத்துல காதை வச்சு, ஓரகத்தி இருமுதாளா, சாப்பிட்டாளான்னு கேட்டுக்கிட்டிருந்தவ. தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். முதநாள் எங்கண்ணு எரிஞ்சப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? சரி, எங்க வீட்டுக்காரவ்வோ கண்ணுக்கு வரவேண்டியது எனக்கு வருது, வரட்டும்னு நெனைச்சேன். கவுண்டர்ல இருக்கும்போது எரியும். ஸ்டாம்பு வாங்க வந்தவுக என்னம்மா அழுதியன்னு கேப்பாவ. எங்க வீட்டுல அவ்வோ பல்லாரி அரியுதாவ, இன்னைக்கு எனக்குச் சமையல் இல்லன்னு சொல்லிச் சிரிப்பேன். உங்கட்ட சொல்லணுமான்னு நெனைக்கல. உங்களுக்குத் தெரியும்னே நெனைச்சிட்டேன்."

மகராசனுக்கு எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு மாசமாக ஒரே வேலையைச் செய்து பழகிப்போன மனசு, அந்த நேரத்திலும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு கோர்வையாகப் பேசுகிறாள் பார், முன்னாடியே யோசித்து வைத்திருப்பாளோ என்றது. அதை அவன் விரட்டத்தான் செய்தான், அது போகவில்லை.

"அப்படின்னா இப்ப ஒண்ணு அரிஞ்சு பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டான்.

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. சுவரில் பல்லி ஒன்று சத்தமிட்டது, அடுத்த தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பிறகு வடிவு எழுந்து கூடையிலிருந்து பல்லாரி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, கத்தியை மேசைமேல் அவன் எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்தாள்.

"அரிங்க" என்றாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அவன் தோலை உரித்தான், ரெண்டாகப் பிளந்தான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு முதல் வில்லையை அரிந்தான். ஒன்றும் இல்லை. ரெண்டாவது வில்லையில் அவன் வலது கண்ணில் சுருக்கென்றது. மூன்றாவதில் ரெண்டு கண்ணும் எரிந்து, பொங்கி, தாடைவரை வழிந்தது. அரை நொடி அவன் மனசு துள்ளியது. தெருச் சட்டப்படி பார்த்தால் வடிவின்மேல் ஒரு குற்றமும் இல்லை, கத்தியே சொல்லிவிட்டது, இனி நல்லபெருமாள் முகத்தில் முழிக்கலாம். சிரித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

எதிரே வடிவு தன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமையைத் தடவி விரலைப் பார்த்தாள், மறுபடி தடவினாள். விரல் காய்ந்திருந்தது. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது, வேண்டியவர் ஒருத்தர் போய்விட்டதாகச் செய்தி வந்தால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிருந்தது.

மகராசனின் சிரிப்பு அங்கேயே நின்றது. இன்னொரு வில்லை அரிந்தான், இன்னொன்று அரிந்தான், அந்தப் பல்லாரி முழுவதையும் பொடிப்பொடியாக அரிந்து, கூடையிலிருந்து வேறொன்றை எடுத்தான். பார்வை மறைத்தது, மூக்கு ஒழுகியது. "வடிவு, வடிவு" என்றான். "கொஞ்சம் பொறு, இந்த ஒண்ணு மட்டும்" என்றான்.

அவள் எழுந்து அவன் கையிலிருந்த பல்லாரியை வாங்கிக் கூடையில் போட்டாள். அரிந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"குழம்புக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.